களிமண் புறா சுடும் சங்கம்: எல்லோரும் முதலாளி! எல்லோரும் வேலைக்காரர்!

“புல்!”

ஒருவர் உரக்கக் கூவுகிறார். இது மாடு மேயும் புல் அல்ல. ‘இழு’ என்பதற்கு ஆங்கிலச் சொல்.

கூவிய அதே நொடியில் ஒரு வட்டத் தட்டு ‘விர்’ரென்று வானில் பாய்கிறது. “டுமீல்!” தட்டு தூள் தூளாகிறது. சுற்றி நிற்பவர்கள் “பலே!” என்று தலையாட்டுகிறார்கள்.

இங்கிலாந்து நாட்டின் கிராமப்புறங்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் சத்தம் சகஜம். வயல் ஓரத்தில் பத்து முப்பது பேர் கூடியிருப்பார்கள். பண்ணைக்காரர் இருப்பார். பள்ளி ஆசிரியர் இருப்பார். லாரி ஓட்டுகிறவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழவர், அப்பாவோடு வந்த சிறுமி, எல்லோரும் இருப்பார்கள். கையில் துப்பாக்கி. முகத்தில் சிரிப்பு!

இவர்கள் சுடுவது புறாவை. ஆனால் அந்தப் புறாவுக்கு இறக்கையும் இல்லை, உயிரும் இல்லை. அதன் பெயர் ‘களிமண் புறா’.

களிமண் இல்லாத களிமண் புறா

பெயர்தான் களிமண். இன்று அதில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளையும் கீலையும் சேர்த்து அச்சில் வார்த்துச் செய்கிறார்கள். கவிழ்த்து வைத்த சிறு தட்டுப் போல இருக்கும். அகலம் 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம்.

இதைச் செய்வது லேசான காரியம் அல்ல. யந்திரம் வீசும் வேகத்தில் தட்டு உடையக்கூடாது. ஆனால் இரண்டு மூன்று ரவை பட்டாலே உடைந்துவிட வேண்டும். மிகவும் கெட்டியாக இருந்தால் சுட்டவருக்குப் பலன் இல்லை. மிகவும் மெதுவாக இருந்தால் யந்திரத்திலேயே நொறுங்கிவிடும்.

தொப்பிக்குள் புறா

இந்த விளையாட்டு பிறந்த கதை கொஞ்சம் கொடுமையானது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் நிஜப் புறாக்களைப் பிடித்து வைத்துச் சுட்டார்கள். லண்டனை அடுத்த ஈலிங் என்ற இடத்தில் ‘பழைய தொப்பி’ என்று ஒரு மதுக்கடை இருந்தது. அங்கே தரையில் குழி தோண்டி, உள்ளே புறாவை வைத்து, மேலே ஒரு பழைய தொப்பியைக் கவிழ்த்து வைப்பார்களாம். கயிற்றை இழுத்தால் தொப்பி விலகும். புறா பறக்கும். துப்பாக்கி வெடிக்கும்.

“இழு!” என்று இன்றும் கூவுவது அந்தக் கயிற்றின் ஞாபகம்தான்!

1900-ல் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோதுகூட உயிருள்ள புறாக்களைச் சுட்டார்கள். அதற்குள் மாற்று வழியும் வந்துவிட்டது. முதலில் கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுட்டுப் பார்த்தார்கள். மைதானம் முழுவதும் கண்ணாடிச் சில்லுகள்! பிறகு 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகௌஸ்கி என்பவர், சுட்ட களிமண்ணால் தட்டு செய்து காப்புரிமை பெற்றார். சிறுவர்கள் குளத்து நீரின் மேல் தத்தித் தத்திப் போகும்படி சிப்பி எறிவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை தோன்றியது என்பார்கள். களிமண் தட்டு கெட்டியாக இருந்ததால், கீல் கலந்த தட்டு பிற்பாடு வந்தது. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1921-ல், கூண்டில் அடைத்த பறவைகளைத் திறந்துவிட்டுச் சுடுவதைப் பிரிட்டன் சட்டம் போட்டுத் தடுத்தது. 1928-ல் களிமண் புறா சுடுவோருக்கென ஒரு தேசியச் சங்கம் ஏற்பட்டது. விதிகள் வகுப்பதும், பயிற்சி தருவதும், போட்டிகளை ஒழுங்கு செய்வதும் அதன் வேலை.

தட்டைப் பார்த்துச் சுட்டால் தவறும்!

தட்டுக்கு நேராகக் குறி வைத்தால் தட்டு தப்பிவிடும். ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறுக்கே பறக்கும் தட்டு மணிக்கு 40 மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுடுகிறவருக்கும் தட்டுக்கும் 30 மீட்டர் தூரம். ரவை அங்கே போய்ச் சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் தட்டு 5 அடிக்கு மேல் நகர்ந்துவிடும். ஆகவே தட்டு போகப்போகும் இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். சுட்ட பிறகும் துப்பாக்கியை நிறுத்தாமல் வீச வேண்டும்.

ஒரு தோட்டாவில் 28 கிராம் ரவை. முந்நூறுக்கு மேற்பட்ட சிறு குண்டுகள். அவை ஒரு மேகம் போல விரிந்து செல்லும். அந்த மேகமும் தட்டும் சந்திக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதைக் கற்கவே பல வருஷம் ஆகிறது.

விளையாட்டில் பல வகை உண்டு. ஒரு வகையில் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். அவர்களுக்கு 16 கஜம் முன்னால் யந்திரம் இருக்கும். தட்டு எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. முதல் தோட்டாவில் உடைத்தால் 3 புள்ளி. இரண்டாவது தோட்டாவில் உடைத்தால் 2 புள்ளி. தட்டுகள் 25. எல்லாவற்றையும் முதல் தோட்டாவிலேயே உடைத்தால் 75 புள்ளி!

நம் நாட்டிலும் இந்த வித்தையில் கெட்டிக்காரர்கள் உண்டு. 2004-ல் ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் இரட்டைத் தட்டுப் போட்டியில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளிப் பதக்கம் வென்றார். புதுக்கோட்டை ராஜ குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தட்டு சுடும் போட்டியில் கலந்துகொண்டார்.

ஆனால் இங்கிலாந்தின் வயலோரச் சங்கங்களில் பதக்கம் பெரிய விஷயம் இல்லை. சங்கம் நடக்கிறதே, அதுதான் விஷயம்!

முதலாளி யார்?

பிரிட்டனில் தட்டு சுடும் இடங்கள் இரண்டு விதம். ஒன்று, தனியார் நடத்தும் மைதானம். காசு கொடுக்கலாம், சுடலாம், வீட்டுக்குப் போகலாம். லாபம் முதலாளிக்கு.

மற்றொன்று, அங்கத்தினர்களே நடத்தும் சங்கம். இங்கே தனி முதலாளி இல்லை. சந்தா கட்டிய ஒவ்வொருவரும் முதலாளி.

சங்கத்துக்கு ஒரு சட்டதிட்டப் புத்தகம் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம். அதில் தலைவர், காரியதரிசி, பொருளாளர், கமிட்டி அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். பெரிய பண்ணைக்காரருக்கும் ஒரு ஓட்டு. அவரிடம் வேலை செய்யும் ஆளுக்கும் ஒரு ஓட்டு. நூறு தட்டில் தொண்ணூற்றைந்து உடைப்பவருக்கும் ஒன்று. முப்பது உடைப்பவருக்கும் ஒன்று.

பொருளாளர் வரவு செலவுக் கணக்கைப் படிப்பார். தட்டு வாங்கிய செலவு, நில வாடகை, யந்திர ரிப்பேர், இன்ஷூரன்ஸ், தேயிலைச் செலவு, எல்லாம் வரும். யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். மிச்சம் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ள மாட்டார்கள். புது யந்திரம் வாங்குவார்கள். அல்லது மழைக்கு ஒதுங்கக் கொட்டகை போடுவார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சாதாரணச் சங்கம் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் அல்ல. அதன் பெயரில் நிலம் வாங்க முடியாது. கடன் ஏற்பட்டால் கமிட்டிக்காரர்கள் தலையில் விழலாம். அதனால் சில சங்கங்கள் நிலத்தைத் தர்மகர்த்தாக்கள் பெயரில் வைக்கின்றன. சில சங்கங்கள் தம்மைக் கம்பெனியாகப் பதிவு செய்துகொள்கின்றன. இந்தக் கம்பெனியில் பங்கு கிடையாது. நஷ்டம் வந்தால் ஆளுக்கு ஒரு பவுன் போல ஒரு சிறு தொகை தருவதாக அங்கத்தினர்கள் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு மேல் அவர்கள் சொத்துக்கு ஆபத்து இல்லை.

பொழுது விடிந்தால் வேலை

எல்லோரும் முதலாளி என்றால் வேலைக்காரர் யார்? அவர்களேதான்!

சுடுவது பத்து மணிக்கு என்றால் சிலர் எட்டு மணிக்கே வந்துவிடுவார்கள். யந்திரங்களை இழுத்து வைக்க வேண்டும். பாட்டரி மாட்ட வேண்டும். தட்டுகளை அடுக்க வேண்டும். பாதை ஓரம் எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். ஒருவர் வாசலில் உட்கார்ந்து பெயர் பதிவார். ஒருவர் பொத்தானை அழுத்தித் தட்டை விடுவார். ஒருவர் புள்ளி குறிப்பார். ஒருவர் டீ போடுவார்.

சுட்டு முடிந்ததும் காலித் தோட்டாக்களைப் பொறுக்க வேண்டும். மழை பெய்தாலும் பொறுக்க வேண்டும்.

நல்ல சங்கங்களில் இதற்கு முறை வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் உடைத்துத் தள்ளியவர் அடுத்த வாரம் பொத்தான் அழுத்துவார். எவ்வளவு பெரிய சூரரானாலும் இதில் விலக்கு கிடையாது.

மடக்கிய துப்பாக்கிக்கே மரியாதை

பத்து முப்பது பேர் கையில் துப்பாக்கி. நடுவே குழந்தைகள். பயமாக இல்லையா?

பயம் வேண்டும். அதனால்தான் விதிகள் கண்டிப்பானவை.

சுடும் இடத்துக்கு வெளியே துப்பாக்கியை மடக்கி, குழலைக் காலியாகத்தான் வைத்திருக்க வேண்டும். அப்போது யார் பார்த்தாலும் உள்ளே தோட்டா இல்லை என்று தெரியும். முறை வந்து, இடத்தில் நின்று, முகம் முன்னால் திரும்பிய பிறகுதான் தோட்டா போட வேண்டும். தட்டு தாழ்வாகப் போனாலும் பக்கத்தில் ஆள் நடமாட்டம் இருந்தாலும் சுடக்கூடாது. காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுடும் திசையில் சுமார் 300 கஜ தூரம் ஆளரவம் இல்லாமல் இருக்க வேண்டும்.

தோட்டா விஷயத்தில் ஒரு விசேஷ எச்சரிக்கை உண்டு. 20 போர் துப்பாக்கியின் தோட்டா சற்றுச் சிறியது. அது தவறி 12 போர் துப்பாக்கிக்குள் விழுந்தால் உள்ளே நழுவிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து, பின்னால் இன்னொரு தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். கை போய்விடும்! அதனால்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே பையில் போடவே கூடாது.

தட்டு எறியும் யந்திரமும் சாதுவானது அல்ல. அதன் இரும்புக் கை வில் போல முறுக்கி நிற்கும். பாட்டரியைக் கழற்றினாலும் முறுக்கு போகாது. எதிரே கை நீட்டினால் எலும்பு முறியும். தட்டு நிரப்பப் போகிறவர் முதலில் கொடியைக் காட்டிச் சுடுவதை நிறுத்துவார். பிறகு யந்திரத்தின் முறுக்கை விடுவிப்பார். அப்புறம்தான் கிட்டே போவார்.

பாதுகாப்பு அதிகாரி “நிறுத்து!” என்று சொன்னால் நிறுத்தியாக வேண்டும். சங்கத் தலைவராக இருந்தாலும் சரி. ஒரே ஒரு விபத்து போதும், நாற்பது வருஷச் சங்கத்தை மூடுவதற்கு.

போலீசாரின் அனுமதி

பிரிட்டனில் ரவைத் துப்பாக்கி வைத்துக்கொள்ளப் போலீசாரின் சான்றிதழ் வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பித்தவரின் உடல்நிலை, மனநிலை பற்றி டாக்டரிடம் கேட்பார்கள். துப்பாக்கியை இரும்பு அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும்.

அப்படியானால் புதிதாகப் பழக வருபவர் என்ன செய்வார்? அதற்கும் வழி இருக்கிறது. 1968-ம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தில் ஒரு பிரிவு. போலீஸ் தலைமை அதிகாரி அங்கீகரித்த இடத்தில், அங்கீகரித்த நேரத்தில், செயற்கைக் குறியைச் சுடுவதற்கு மட்டும் சான்றிதழ் தேவையில்லை. சங்கங்கள் இந்த அங்கீகாரத்தைப் பெற்று வைத்துக்கொள்கின்றன. சிறைத்தண்டனை பெற்றதால் துப்பாக்கி தொடத் தடை செய்யப்பட்டவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் துப்பாக்கி ஏந்தினால், 21 வயது நிரம்பிய ஒருவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதும் சட்டம்.

புதியவர் வந்தால்...

சங்கம் நட்பாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? புதிதாக ஒருவர் வந்தால் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும்.

மோசமான சங்கத்தில் பழைய ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். புதியவர் மூலையில் நிற்பார். 25 தட்டில் இரண்டு உடைப்பார். கூச்சத்தோடு போவார். மறுபடி வரமாட்டார்.

நல்ல சங்கத்தில் ஒருவர் உடனே போய்க் கை குலுக்குவார். எந்தக் கண்ணால் குறி பார்க்கிறார் என்று சோதிப்பார். துப்பாக்கியைத் தோளில் எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டுவார். அழுத்தாவிட்டால் தோள் நீலம் பாயும்! நேராக விலகிப் போகும் மெதுவான தட்டை முதலில் விடுவார். அது உடையும். புதியவர் முகம் மலரும். அடுத்த ஞாயிறும் வருவார்.

போட்டியிலும் இதே யோசனை. திறமையைப் பார்த்து வகுப்புப் பிரித்து, வகுப்புக்கு ஒரு பரிசு தருவார்கள். தொடக்கக்காரர் தொடக்கக்காரரோடுதான் மோதுவார். பரிசு ஒரு பெட்டி தோட்டாவாக இருக்கலாம். அதை வாங்கும்போது அவருக்கு உலகக் கோப்பை வாங்கிய சந்தோஷம்!

வேலிக்கு அந்தப் பக்கம்

சங்கத்துக்கு வெளியேயும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் ஓய்வு நாள். காலை முழுவதும் ‘டுமீல், டுமீல்’ என்று கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

இங்கிலாந்தில் ஒரு நிலத்தை இம்மாதிரி தற்காலிகக் காரியத்துக்கு வருஷத்தில் 28 நாள்வரை விசேஷ அனுமதி இல்லாமல் உபயோகிக்கலாம். அதனால் பல சிறு சங்கங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடுகின்றன. வருஷத்துக்கு 26 நாள். கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் 28 நாளுக்கு உட்பட்டாலும், சத்தம் தொல்லையாக இருப்பதாகப் புகார் வந்தால் நகரசபை தலையிடலாம்.

புத்திசாலிச் சங்கங்கள் புகார் வரும்வரை காத்திருப்பதில்லை. கூடும் தேதிகளை முன்கூட்டியே அக்கம் பக்கத்தாருக்குச் சொல்லிவிடுகின்றன. சொன்ன நேரத்தில் நிறுத்துகின்றன. வீடுகள் இல்லாத பக்கம் துப்பாக்கியைத் திருப்புகின்றன. சத்தம் குறைந்த தோட்டா உபயோகிக்கச் சொல்கின்றன.

நிலம் கொடுத்த பண்ணைக்காரரின் மனமும் கோணக்கூடாது. தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பான் வயலெங்கும் சிதறும். அதனால் மக்கிப்போகும் நார் அடைப்பான் வேண்டும் என்று பல இடங்களில் விதி. உடைந்த தட்டுத் துண்டுகளில் கீல் இருக்கிறது. பன்றிகள் தின்றால் விஷம். பன்றி வளர்க்கும் நிலத்தில் தட்டு சுடுவது கூடாது.

ரவைகளில் இருக்கும் ஈயமும் மண்ணைக் கெடுக்கிறது. ஈய ரவைகளை மூன்று வருஷ அவகாசம் கொடுத்துத் தடை செய்யப்போவதாக 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. மாற்றாக வருவது எஃகு ரவை. அது கடினமானது. தாத்தா காலத்துத் துப்பாக்கிகள் சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. துப்பாக்கி ரிப்பேர் செய்பவரிடம் காட்டிக் கேட்ட பிறகே போட வேண்டும். இந்த மாறுதலை அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் கமிட்டிக்குத்தான்.

சங்கம் எப்படிச் சாகிறது?

புகாரால் மட்டும் சங்கம் சாவதில்லை. களைப்பாலும் சாகும்.

ஐம்பது அங்கத்தினர் இருப்பார்கள். வேலை செய்பவர் நான்கு பேர். ஒரே காரியதரிசி இருபது வருஷமாக இருப்பார். யந்திரத்தை ரிப்பேர் செய்யத் தெரிந்தவர் ஒருவர். பண்ணைக்காரரோடு பேசிப் பழகியவரும் அவரே. ஒருநாள் அவருக்கு முழங்கால் வலி வந்துவிடும். சங்கத்துக்கும் கால் முடங்கிவிடும்!

இதற்கு மருந்து ஒன்றே. வேலையைப் பங்கு போட வேண்டும். அதுவும் சிறு சிறு பங்காக. “காரியதரிசியாக இரு” என்றால் எல்லோரும் ஓடுவார்கள். “அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் பொத்தான் அழுத்து” என்றால் மறுக்க மாட்டார்கள். பழைய காரியதரிசி பதவியில் இருக்கும்போதே இளைஞர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்து, சங்கத்தின் செல்வமே. நிலத்தின் விலை ஏறியிருக்கும். “விற்றுப் பங்கு போட்டுக்கொண்டால் என்ன?” என்று யாராவது கேட்பார்கள். அதனால்தான் பல சங்கங்கள் ஆரம்பத்திலேயே ஒரு விதி எழுதி வைக்கின்றன. சங்கத்தை மூட நேர்ந்தால், மிச்சப் பணம் இதே போன்ற மற்றொரு சங்கத்துக்கோ தர்ம காரியத்துக்கோ போகும். அங்கத்தினர் எவர் கைக்கும் போகாது. விற்றாலும் லாபம் இல்லை என்றால் விற்கும் ஆசை ஏன் வருகிறது?

முன்பு உழைத்தவர்கள் தங்களுக்காக மட்டும் உழைக்கவில்லை. இனி வரப்போகும் சிறுவர் சிறுமியருக்கும் சேர்த்துத்தான் உழைத்தார்கள். அவர்கள் போட்ட கொட்டகையில் இன்று இருப்பவர்கள் மழைக்கு ஒதுங்குகிறார்கள். நாளை வருகிறவர்கள் ஒதுங்க அதன் கூரையைப் பழுது பார்ப்பது இன்றைய அங்கத்தினர்களின் வேலை.

அதற்கு ஒரு ஏணி வேண்டும். ஏணியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் கிடைக்கும்வரை சங்கத்துக்குக் குறைவில்லை!